பருவம் பார்த்துப் பங்கு பிரிக்கும் பண்ணை

ஒரு பண்ணையில் பணம் வெளியே போகும் மாதங்கள் வேறு, உள்ளே வரும் மாதங்கள் வேறு. விதை, டீசல், வேலிக்கம்பி, தீவனம், கூலி என்று செலவின் பெரும்பகுதி விதைப்பை ஒட்டியே வந்து நிற்கும். முதல் காய் கைக்கு வர அதன்பிறகு இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இந்த இடைவெளியைப் பெரும்பாலும் கடன்தான் நிரப்புகிறது. வங்கிக் கடனாகவோ வியாபாரி கொடுக்கும் முன்பணமாகவோ அது இருக்கலாம். விளைச்சல் வந்ததும் கடன்காரர் பங்கு முதலில் போகும், மிச்சம் உழவருக்கு.

சமூக ஆதரவுப் பண்ணை என்று சொல்லப்படும் முறை, அந்த இடத்தில் கடன்காரருக்குப் பதிலாகச் சாப்பிடுகிறவர்களை நிறுத்துகிறது. பருவம் தொடங்கும் முன்பே உறுப்பினர்கள் ஓராண்டுக்கான பங்குத் தொகையைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு வாராவாரம் பண்ணையில் எது விளைந்ததோ அதில் அவரவர் பங்கை வாங்கிப் போகிறார்கள். நன்றாக விளைந்தால் கூடை நிறையும். ஆலங்கட்டி மழை கீரையைக் கிழித்துப் போட்டால் கூடை இளைக்கும், பணம் திரும்பாது. வட்டி கேட்காததோடு அவர்கள் நட்டத்திலும் பங்கெடுக்கிறார்கள்.

இது ஒரே இடத்தில் பிறந்த யோசனை இல்லை. பூச்சிமருந்தும் தொழிற்சாலைக் கழிவும் உணவில் கலப்பதைக் கண்டு பயந்த ஜப்பானியக் குடும்பங்கள் உழவர்களோடு நேரடியாகப் பேசி ஏற்பாடு செய்துகொண்டன. ‘தெய்கெய்’ என்ற அந்த முறையை 1971-இல் தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் வளர்த்தெடுத்தது. 1978-இல் அதற்குப் பத்துக் கொள்கைகளையும் வகுத்தது. அவற்றில் ஒன்று கொஞ்சம் கறாரானது: உழவர் கொண்டுவந்து இறக்குவதை எல்லாம் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், பொறுக்கி எடுக்கக் கூடாது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஒரு காய்கறிக் கூட்டுறவு இதே பாணியில் தொடங்கியது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்கின. ஜெர்மனியில் 1988-இல் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணை, பிரான்ஸில் 2001-இல் துலோன் நகரத்தருகே ஒரு பண்ணை என்று அது பரவியது.

இந்த முறையில் இயங்கும் பண்ணைகளில் காய்கறி மட்டும் விளைவிப்பவை நிறைய. டெம்பிள்-வில்டனும் புஷ்பெர்க்ஹோஃபும் மாடும் வைத்திருக்கும் கலப்புப் பண்ணைகள். அங்கே பங்குக்கு விலை என்று ஒன்று ஒட்டுவதில்லை. ஆண்டு முழுவதற்குமான செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன்னால் வைக்கிறார்கள், ஒவ்வொரு வீடும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்கிறது. கூட்டிப் பார்த்துத் துண்டு விழுந்தால் மறுபடி பேசுகிறார்கள். முட்டை இவ்வளவு, கேரட் இவ்வளவு என்று தனித்தனியாக விலை போட்டால் கலப்புப் பண்ணையின் கணக்கு ஒருபோதும் நேராகாது. சாணத்துக்கு என்ன விலை? மூன்று ஆண்டு புல்லாகக் கிடந்து மண்ணைத் தேற்றிய நிலத்துக்கு எந்தக் காயின் பெயரில் பற்று எழுதுவது?

மாடு புல் தின்னும், சாணம் எருவாகும், எரு காய்கறிக்குப் போகும், கழிவு மறுபடி கோழிக்குப் போகும் என்று கலப்புப் பண்ணையை ஒரு வட்டமாக வரைந்து காட்டுவார்கள். படம் பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்தில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். மண்ணின் சத்துக் கணக்கில் மாடும் காய்கறியும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. ஆள் கணக்கில் அதே இரண்டும் ஒரே வாரத்தில், சில நாள் ஒரே மணி நேரத்தில், ஒரே ஆளைக் கூப்பிடுகின்றன. முன்பணத்தால் சமாளிக்க முடிவதும் முடியாததும் இந்த நெருக்கடியில்தான் தெரியவரும்.

நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரியும் குளிர்நாட்டுப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். அங்கே பண்ணை ஆண்டு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பூண்டுப் பல் ஊன்றுவது அப்போதுதான். சில வாரம் குளிரில் கிடந்தால்தான் அது ஒழுங்காகப் பல் பிரியும். அடுத்த வசந்தத்தில் ஆட்டுக்குட்டி வேண்டும் என்றால் கிடாவை மந்தையில் விடும் நாளும் அப்போதே முடிவாக வேண்டும். செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். புல் தழைத்து வரும் வாரத்தைக் கணித்து, அங்கிருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணி, அன்றைக்குக் கிடாவை விடுவார்கள்.

விடும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கிடாவின் நெஞ்சில் ஒரு வார்ப்பட்டை, அதில் மெழுகுபோன்ற வண்ணக்கட்டி. கிடா ஏறிய ஆட்டின் பின்புறத்தில் அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும். ஆட்டின் பருவச் சுழற்சி 17 நாள் என்பதால் அந்தக் கணக்கில் கட்டியின் நிறத்தை மாற்றுவார்கள். முதல் சுற்றில் மஞ்சள், அடுத்ததில் சிவப்பு. மஞ்சள் பட்ட ஆடு பிறகு சிவப்பும் பட்டு வந்தால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். எது எந்த வாரம் குட்டி போடும், இரவுக் காவல் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நிறத்தைப் பார்த்தே எழுதிவைக்கப்படும். நாற்று விடும் அட்டவணை அப்புறம்தான் இந்தத் தேதிகளுக்கு ஒதுங்கி நின்று தயாராகும்.

குளிர்காலத்தில் பண்ணை தூங்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நினைப்பு. தூங்குவது காய்கறி நிலம் மட்டும். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பசுமைக்குடிலுக்குள் இருக்கும் கீரைகூட வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். உயிரோடு நிற்கும், வளராது. கோழியும் அப்படித்தான். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் பருவம், அத்தோடு பகலும் 14 மணி நேரத்துக்குக் கீழே குறைந்துபோனால் முட்டை வெகுவாகக் குறையும். விளக்குப் போட்டு ஏமாற்றலாம். பல உறுப்பினர் பண்ணைகள் அதைச் செய்வதில்லை. முட்டைப் பங்கு குறைந்துபோனதற்குக் காரணம் கேட்கிறவர்களிடம் சூரியனைக் கைகாட்டுகிறார்கள்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் தினமும் தீனி போட்டாக வேண்டும். கொட்டிலில் வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிக்கொண்டே போவார்கள். சாணமும் மூத்திரமும் அதில் ஊறி, வசந்தம் வருவதற்குள் முழங்கால் உயரப் படுக்கையாகிவிடும். அடியில் மெல்ல மக்குவதால் கொஞ்சம் சூடும் கிடைக்கும். அந்தப் படுக்கைதான் பண்ணையின் உரக்கிடங்கு. வெளியே எடுத்துக் குவித்துப் புரட்டினால் குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், களைவிதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் சாகும். பச்சைச் சாணமாகப் போட்டால் காத்திருக்க வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிப்படி, மண்ணைத் தொட்டு வளரும் உண்பொருளாக இருந்தால் அறுவடைக்கு 120 நாள் முன்பும், மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் பச்சை எருவை மண்ணில் கலந்து முடித்திருக்க வேண்டும். கீரைக்கு 120 நாள் என்றால் சின்ன இடைவெளியா? எந்தப் பாத்தியில் என்ன வரும் என்பதை முந்தைய ஆண்டே முடிவு செய்ய வைப்பது இந்த விதிதான்.

சரி, குளிர் முடியும் தறுவாய்க்கு வருவோம். இங்கேதான் முதல் மோதல். வெங்காய விதையும் மிளகாய் விதையும் குழித்தட்டில் போட்டாகிவிட்டது, தினமும் இரண்டு முறை தண்ணீரும் சூடும் பார்க்க வேண்டும். அதே வாரம் ஆடுகள் குட்டி போட ஆரம்பிக்கும், அதில் பல நள்ளிரவில். பிறந்த குட்டிக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் நேரடியாக உறிஞ்சுவது அதன்பிறகு வேகமாகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். ஓரமாகச் சுருண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். வாய் சூடாக இருந்தால் பசி, பால் கொடுத்தால் எழுந்துவிடும். வாயும் குளிர்ந்திருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், அப்புறம்தான் பால். இரவெல்லாம் இப்படிப் போன பிறகு விடிந்ததும் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவரும் பெரும்பாலும் அதே ஆள்தான்.

வசந்தம் வந்ததும் வயல் பச்சையாகிவிடும், கூடை மட்டும் காலியாகவே இருக்கும். பண்ணைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. கிடங்கில் இருந்த கேரட்டும் உருளைக்கிழங்கும் தீர்ந்திருக்கும் அல்லது முளைவிட்டிருக்கும். குளிரைத் தாங்கி நின்ற முட்டைக்கோஸ் வகைகள் பூவெடுத்துவிடும். புது நடவு விரல் உயரம்தான் இருக்கும். உறுப்பினர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள், கொடுக்கக் காய் இல்லை. காய்கறி மட்டும் வைத்திருக்கும் பண்ணைகள் பல, இந்த வாரங்களில் விநியோகத்தையே நிறுத்திவைக்கின்றன. கலப்புப் பண்ணைக்கு இங்கே ஒரு கை கூடுதல். பகல் நீண்டதும் கோழி வெறிபிடித்ததுபோல முட்டையிடும். புல் தழைத்ததும் பால் பெருகும். காய் இல்லாத கூடையில் முட்டையும் தயிரும் பாலாடைக்கட்டியும் உட்காரும். சத்துக்காக வைத்த மாடு, காலண்டரின் ஓட்டையையும் அடைத்துவிடுகிறது.

மேய்ச்சலும் அப்போதே தொடங்கும். நிலத்தை மின்வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து, மாட்டை ஒரு நாளோ இரண்டு நாளோ ஒரு துண்டில் வைத்துவிட்டு நகர்த்துவார்கள். மாடு போன மூன்றாம் நாலாம் நாள் அதே இடத்தில் கோழிக் கூண்டு வண்டி வரும். சாணத்தில் ஈப்புழு பெருத்திருக்கும் நேரம் அது. கோழி கிளறித் தின்னும், சாணமும் பரவிவிடும். ஆட்டையும் மாட்டையும் மாற்றி மாற்றி மேய விடுவதிலும் காரணம் இருக்கிறது. ஆட்டைத் தாக்கும் குடற்புழு வகைகளில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைப்பதில்லை. ஆடு விட்டுப் போன புழுமுட்டையிலிருந்து வந்தவற்றை மாடு தின்று அழித்துவிடும். புழு மருந்துக்கு ஆகும் செலவு அந்த அளவுக்கு மிச்சம்.

இரண்டு மூன்று ஆண்டு இப்படிப் புல்லும் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச்செடியும் கலந்து நின்ற நிலத்தை உழுதுதான் காய்கறி போடுவார்கள். குளோவரின் வேர்முடிச்சு காற்றிலிருந்து பிடித்து வைத்த தழைச்சத்து, முதல் ஆண்டு முட்டைக்கோஸுக்கும் பூசணிக்கும் போகும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வெங்காயம், கேரட் போன்ற அவ்வளவு பசியில்லாத பயிர்கள் வரும். மாடு இல்லாத பண்ணைக்கு மண்ணை இப்படி ஓய்வில் விடுவது வெறும் செலவு. கலப்புப் பண்ணையில் ஓய்வெடுக்கும் நிலமும் பால் கறந்து கொடுக்கும். என்னைக் கேட்டால், கலப்புப் பண்ணை வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கோடையில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். உலர்புல் அறுக்கும் நாளும், களை எடுக்கும் நாளும், முதல் பெரிய அறுவடை நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். புல்லில் கதிர் வந்ததும் அறுத்தாக வேண்டும், முற்றவிட்டால் நார்தான் மிஞ்சும். அறுத்த பிறகு மூன்று நான்கு நாள் மழை இல்லாமல் வெயில் வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் கட்டிவைத்தால் உள்ளே நுண்ணுயிர் பெருகிச் சூடேறும். பூசணம் பிடித்தால் தீவனம் வீண். இன்னும் சூடேறினால் வாரக்கணக்கில் கழித்துத் தானாகவே தீப்பிடித்துக் கொட்டகையோடு போகும். அதனால் வானிலை நன்றாக இருக்கும் அந்த நான்கு நாளில் மற்ற வேலையெல்லாம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆனால் களை ஒதுங்காது. கேரட் விதை முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும், களைக்கு ஒரு வாரம் போதும். கேரட் தலைநீட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பு பாத்திமேல் எரிவாயுச் சுடரை ஓட்டி, முளைத்த களையை மட்டும் பொசுக்கும் வழக்கம் உண்டு. நாள் தப்பினால் கேரட்டும் சேர்ந்து போகும். உலர்புல் வாரத்தில் இந்த நாள் மாட்டிக்கொண்டால் அந்தப் பாத்தி கையால் களையெடுக்கும் பாத்தியாகிவிடும், அதுவும் மண்டியிட்டு, வரிசை வரிசையாக.

உறுப்பினர்களை வேலைநாள் என்று கூப்பிடுவது இதற்காகத்தான். பல பண்ணைகளில் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்தால் பங்குத் தொகையில் கழிவு என்று வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. வெங்காயத் தாள் அறுப்பது, உருளைக்கிழங்கு பொறுக்குவது, பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிடுவது இதற்கெல்லாம் கூட்டம் பெரிய உதவி. இளங்கேரட்டுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டிய வேலையில் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும். வேலைநாளின் பலன் வேறொரு இடத்தில் தெரிகிறது. ஒரு முற்பகல் மண்டியிட்டுக் களை எடுத்தவர், அடுத்த மாதம் கோணல்மாணலான கேரட் வந்தால் ஏன் என்று கேட்பதில்லை.

கூடை பிரிக்கும் நாளின் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறிய பிறகு அறுத்த கீரை தன் சூட்டிலேயே வாடும். குளிர்ந்திருக்கும்போதே அறுத்து, குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் வைத்துவிட்டுத்தான் பால் கறக்கப் போக வேண்டும். மாடு அதே நேரத்தில் கதவருகே நின்று கத்திக்கொண்டிருக்கும். அப்புறம் எண்ணிக்கை. எத்தனை வீடோ அத்தனைக்கும் எட்டும்படி இருந்தால்தான் ஒரு காயைக் கூடையில் சேர்க்க முடியும். முதல் தக்காளி எல்லாருக்கும் போதாமல் இருந்தால் பாதிப் பேருக்கு இந்த வாரம், மீதிப் பேருக்கு அடுத்த வாரம். சுக்கினி என்னும் பூசணி வகைக் காய் காய்க்கும் மாதத்திலோ தலைகீழ், வேண்டாம் என்று கும்பிடுகிறவர்களுக்கும் இரண்டு கூடுதலாகப் போகும்.

நட்டத்தில் பங்கு என்ற வாக்குறுதிக்குச் சோதனை தக்காளியில்தான் வரும். ஈரமும் இதமான குளிரும் சேர்ந்த வாரத்தில் பின்கருகல் நோய் வந்தால் சில நாளில் பாத்தி முழுக்கக் கறுத்துவிடும். ஒப்பந்தப்படி யாரும் பணம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு சிலர் சத்தமில்லாமல் விலகுவார்கள். ஆகவே பல உழவர்கள் எதையும் தேவைக்கு மேலேயே நட்டு, உறுப்பினர்களின் கண்ணுக்கு நட்டம் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கூடுதல் நடவின் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒப்பந்தத்தில் பகிர்ந்த ஆபத்து, நடைமுறையில் உழவரின் முதுகுக்கே திரும்பிவிடுகிறது.

அறுவடை முடிந்து கிடங்கு நிரப்பும் வேலையில் அவசரத்தைவிடக் கணக்குதான் அதிகம். கேரட்டுக்குச் சுழி டிகிரியை ஒட்டிய குளிரும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். வெங்காயத்துக்கு அதே குளிர், ஆனால் காற்று உலர்வாக இருக்க வேண்டும். பூசணிக்கு 10 முதல் 13 டிகிரி. மூன்றையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்றாவது அழுகும். காலியான பாத்திகளில் உறைபனிக்கு முன் பசுந்தாள் விதை தூவியாக வேண்டும். தாமதமாகிப் போனால் பெரும்பாலும் ரை என்னும் தானியப் பயிர்தான் மிச்சம், அது அவ்வளவு குளிரிலும் முளைக்கும்.

இன்னொரு கணக்கும் அப்போதே வரும். கொட்டகையில் இருக்கும் உலர்புல் எத்தனை வாய்க்கு வசந்தம் வரை தாங்கும்? அதற்கு மேல் இருக்கும் ஆடுமாடு குளிருக்கு முன் போயாக வேண்டும். பால் வேண்டும் என்றால் பசு கன்று போட வேண்டும், கன்றில் பாதி காளை. பொரிக்கும் குஞ்சிலும் பாதி சேவல். முட்டையும் பாலும் வேண்டும், இறைச்சி வேண்டாம் என்கிற உறுப்பினர்கள் எல்லாப் பண்ணையிலும் உண்டு. அவர்கள் தங்கள் கூடைக்குள் இறைச்சி வராமல் பார்த்துக்கொள்ளலாம், பண்ணையில் அந்த வேலை நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியாது. இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடும் பண்ணைகளில் பிற்பாடு சண்டை குறைவு.

மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில் இந்த அட்டவணையை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அங்கே குளிர்காலத்தின் வேடத்தை வறட்சி போட்டுக்கொள்ளும். தீவனம் தீரும், கிணறு இறங்கும், கூடை இளைக்கும். காய்ப்பும் பிறப்பும் மழையை ஒட்டி நகரும். முன்பணம் வரும் மாதம் மாறுமே தவிர, அது முன்கூட்டியே வர வேண்டிய தேவை மாறாது.

ஆள் பற்றாக்குறைக்குச் சில பண்ணைகள் பருவத்திடமே தீர்வு கேட்கின்றன. எல்லாப் பசுவும் வசந்தத்திலேயே கன்று போடும்படி வைத்துக்கொண்டால், அடுத்த கன்றுக்கு முன் சுமார் 60 நாள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பாலை வற்றவிடலாம். நடுக்குளிரில் வரும் அந்த இரண்டு மாதமும் கறவை கிடையாது. ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட வெளியூர் போக முடியாதவர் அப்போது இரண்டு வாரம் கிளம்பலாம். தீனி போட மட்டும் இன்னொரு ஆள் இருந்தால் போதும். உறுப்பினர்களுக்கோ அந்த இரண்டு மாதம் பால் வராது, கோடையில் செய்து வைத்த பாலாடைக்கட்டிதான். பால் நிற்கும் தேதியைப் பங்குத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சேரும்போதே அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், போடாமலும் போகலாம்.